பிளக்கைப் பிடுங்கிய பிறகு பாட்டு ஏன் இவ்வளவு நெருங்கி வருகிறது?

ஏழாம்ஃப்ரெட் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அமெரிக்க ராக் குழு நிர்வானாவின் 'எம்டிவி அன்பிளக்ட்' நிகழ்ச்சியை (எலெக்ட்ரிக் கிட்டாரைத் தள்ளிவைத்துச் சாதா வாத்தியங்களோடு பாடவைக்கிற டிவி தொடர்) மறுபடி போட்டுப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. 1993 நவம்பர் 18, நியூயார்க், சோனி ஸ்டுடியோ. பதினான்கு பாட்டு, ஒரே வீச்சில் எடுத்தது. அதற்குப் பிறகு குழுவின் பாடகர் கர்ட் கோபேன் ஐந்து மாதம்கூட உயிரோடு இல்லை. அது தெரிந்து பார்ப்பதால்தான் இப்படி உலுக்குகிறதோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் இதே ஆட்களின் 'நெவர்மைண்ட்' கேசட் என்னிடம் இருந்தது. விடுதி அறையில் நாலு பேர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்போம். வார்த்தை ஒன்றும் புரியாது, புரியவேண்டிய அவசியமும் இல்லை. அந்த இரைச்சலே போதும். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நான் தேடிப் போவது அந்தக் கேசட்டை அல்ல. பழைய பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுழல் நாற்காலியில் கூன் விழ உட்கார்ந்து பாடுகிற இந்த மனிதரைத்தான்.

கடைசிப் பாட்டின் முடிவைக் கவனித்திருக்கிறீர்களா? லெட் பெல்லி பாடிப் பிரபலமாக்கிய பழைய நாட்டுப்பாட்டு அது. கத்திக்கொண்டே வருகிறார். குரல் பிளந்து போயிருக்கிறது. கடைசி வரியின் நடுவில் சட்டென்று நின்று ஒரு மூச்சு இழுக்கிறார், கண்ணைத் திறக்கிறார், அப்புறம்தான் மிச்சத்தைப் பாடி முடிக்கிறார். அந்த இடைவெளி ஒரு நொடிகூட இருக்காது. முப்பது வருஷமாக அந்த ஒரு மூச்சுக்காகவே நான் இதைப் பார்க்கிறேன் என்று தோன்றுகிறது.

கேள்வி இதுதான். டிரம்ஸைக் குறைத்து, கிட்டாரின் உறுமலை எடுத்துவிட்டால் பாட்டில் ஏதாவது குறைய வேண்டுமே? ஏன் கூடுகிறது? உங்களுக்குப் பிடித்ததையும் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு

எனக்கு 'நெஞ்சுக்குள்ளே'. 2012 கடைசியில், 'கடல்' படம் வருவதற்கு முன்னாலேயே, ஏ.ஆர். ரஹ்மான் எம்டிவி அன்பிளக்ட் மேடையில் அதை அரங்கேற்றினார். பாடியவர் சக்திஸ்ரீ கோபாலன். படம் 2013 பிப்ரவரியில்தான் வந்தது.

அப்போது விடுதியில் ஒரே ஒரு லேப்டாப், அதில் ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாது. ஆறு பேர் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். படம் இல்லை, கதை தெரியாது, கதாநாயகி யாரென்று தெரியாது. பாட்டு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு தியேட்டரில் அதே பாட்டு வந்தபோது, யாரோ நம் வீட்டுப் பெண்ணுக்கு மேக்கப் போட்டுக் கூட்டிவந்த மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பழக்கமான முகம் அது இல்லை.

சினிமாப் பாட்டு எப்போதும் ஒரு காட்சியோடுதான் நம்மிடம் வரும். அந்த ஒரு பாட்டு மட்டும் பாடுகிறவர் முகத்தோடு வந்தது. எனக்கு அதுதான் காரணம் என்று படுகிறது.

சந்தேகப்பிராணி

எல்லாரும் உருகுவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

'பிளக் பிடுங்கியது' என்கிறீர்களே, நிர்வானா நிகழ்ச்சியில் கோபேன் தன் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டித்தான் வாசித்தார். ஆம்ப் இல்லாமல் வாசிக்க முடியாது என்று அடம். தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி அந்த ஆம்ப்புக்கு முன்னால் ஒரு பொய்ப் பெட்டி செய்து வைத்து, பாடகர்கள் தங்கள் குரலைக் கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் மாதிரித் தெரியும்படி மறைத்தார். அவரே பின்னால் சொன்ன விஷயம் இது. நம்பிக்கை இல்லையென்றால் அங்கே அவர் பாடிய டேவிட் போவி பாட்டைப் போட்டுக் கேளுங்கள், கிட்டார் கரகரவென்று உறுமும். மரப்பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எப்படி வரும்?

மேடையில் லில்லிப் பூ, கறுப்பு மெழுகுவர்த்தி. சாவு வீடு மாதிரியா என்று கொலெட்டி கேட்க, அதேதான் என்று கோபேன் சொன்னாராம். ஆக, அது திட்டம் போட்டுச் செய்த அலங்காரம். அந்தக் கம்பளிச் சட்டை 2019இல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது, துவைக்காமல். கிட்டார் 2020இல் 60 லட்சம் டாலர். எளிமைக்கு உலகத்திலேயே அதிக விலை இதுதான்.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நேர்மையான ஆள். 1992இல் இதே நிகழ்ச்சிக்கு வந்து ஒரே ஒரு பாட்டைச் சும்மா கிட்டாரோடு பாடிவிட்டு, முழு எலெக்ட்ரிக் பட்டாளத்தையும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார். வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயரே 'பிளக்ட்'.

அப்புறம் நம்மூர் யூடியூப் 'அகூஸ்டிக் கவர்' ஆட்கள், அதாவது அடுத்தவர் பாட்டைச் சாதா கிட்டாரோடு திரும்பப் பாடுகிறவர்கள். தாரை தப்பட்டையோடு வந்த குத்துப்பாட்டை எடுத்து, வேகத்தைப் பாதியாக்கி, மூச்சை மூச்சை விட்டு, தாலாட்டு மாதிரிப் பாடுவார்கள். பின்னால் சீரியல் பல்பு. கண்ணை மூடிக்கொள்வது கட்டாயம். ஜலதோஷம் பிடித்தவன் பாடினாலும் அதே எஃபெக்ட்தான் வரும்.

மைக்செட்காரன்

இந்த இழையில் எனக்கு வேலை இருக்கும்போல் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷமாக ஆர்கெஸ்ட்ராக்களுக்கு சவுண்ட் வைக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, கட்சி மேடை எல்லாம்.

சந்தேகப்பிராணி சார் சொல்வது தகவலாகச் சரி. ஆனால் 'ஆம்ப் இருந்தது, அதனால் ஏமாற்று' என்பது சரியில்லை. மேடையில் எலெக்ட்ரிக் இல்லாத கிட்டாரை வைத்துச் சமாளிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

சாதா கிட்டாரின் உடம்பே ஒரு பெட்டி. ஸ்பீக்கர் சத்தம் அந்தப் பெட்டிக்குள் போய் அதிரும். அந்த அதிர்வை மைக் எடுக்கும், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும், 'ஊஊஊ' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை கிளம்பும். அதற்காக ஓட்டையில் ரப்பர் மூடி போடுவோம். மைக் வேண்டாமென்று கம்பிகளைத் தாங்குகிற பாலத்துக்கு அடியில் பிக்அப் (அதிர்வை நேராக மின்சாரமாக்கும் சின்னக் கருவி) வைத்தால் ஊளை குறையும், ஆனால் கிட்டார் வாத்து கத்துகிற மாதிரி 'குவாக் குவாக்' என்று கேட்கும். மரத்தின் வாசனையே இருக்காது. இரண்டையும் கலந்து, பாடுகிறவர் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் ஒழுகுவதைச் சமாளித்து, அதற்குப் பிறகுதான் 'எளிமை'யாக ஒரு சத்தம் வெளியே வரும். முப்பது பேர் ஆர்கெஸ்ட்ராவைவிட இரண்டு பேர் அகூஸ்டிக் எனக்கு வேலை அதிகம்.

டிரம்ஸ்தான் அதைவிடப் பெரிய வில்லன். சின்ன அறையில் டிரம்மர் எவ்வளவு சத்தம் போடுகிறாரோ அதற்கு மேல்தான் மற்ற எல்லாரும் ஏறி நிற்க வேண்டும். நிர்வானாவில் டேவ் கிரோல் இடி மாதிரி அடிக்கிறவர். கொலெட்டி அவருக்கு பிரஷும் குச்சிக்கட்டு மாதிரியான மெல்லிய ஸ்டிக்கும் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அந்த நிகழ்ச்சியைக் காப்பாற்றியதே அதுதான் என்பேன். கிரோல் அடக்கி வாசித்ததால்தான் கோபேனுக்குக் கத்த வேண்டிய இடத்தில் மட்டும் கத்த முடிந்தது.

இன்னொன்று. பாடுகிற மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் குரலில் கீழ் ஸ்தாயி தானாகக் கனக்கும், அது மைக்கின் குணம். காதோடு காதாக ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். நீங்கள் எல்லாரும் 'நெருக்கம்' என்று சொல்வதில் பாதி அந்தக் கனம்தான். அது கரண்டிலிருந்து வருகிறது! மைக் இல்லாவிட்டால் அவ்வளவு மெதுவாகப் பாட எவனாலும் முடியாது, மூணாவது வரிசைக்கே கேட்காது.

பழையகேசட்

அண்ணாச்சி கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன்.

நிஜமாகவே பிளக் இல்லாத காலம் நம்மிடம் இருந்தது. ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய நாடகக் கொட்டகை. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்றால் உச்சக் கட்டையில்தான் பாடியாக வேண்டும். இசைத்தட்டில் இன்றும் கிட்டப்பாவைக் கேட்டால் அந்த வீச்சு தெரியும். அங்கே முணுமுணுப்புக்கு இடமே இல்லை. குரல் கம்பீரமாக இருக்கும், ஆனால் காதோரம் வந்து உட்காராது. கொட்டகை முழுக்கப் பொதுவாக ஒலிக்கும்.

ஆகவே 'மின்சாரம் இல்லாத இயல்பான பாட்டு' என்று நாம் நினைப்பது மின்சாரத்துக்குப் பிறகு பிறந்த ஒன்று. மைக் வந்த பிறகுதான் ஆள் மெதுவாகப் பாடக் கற்றுக்கொண்டான். சினிமாவில் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலெல்லாம் மைக் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இன்னொரு பழைய சங்கதி. அன்பிளக்ட் 1989இல் தொடங்கியது, ஆனால் அந்த உட்கார்ந்து பாடுகிற பாணிக்கு மூத்தது எல்விஸின் 1968 டிவி நிகழ்ச்சி. கறுப்புத் தோல் உடுப்போடு, நாலு பக்கமும் ஜனம் சூழ, சின்ன சதுர மேடையில் பழைய கூட்டாளிகளோடு அரட்டை அடித்தபடி பாடுவார். டிரம்மர் டி.ஜே. ஃபொன்டானா டிரம்ஸ் இல்லாமல் ஒரு கிட்டார் பெட்டியைத் தட்டித் தாளம் போடுவார். ஆனால் பாருங்கள், அதில் எல்விஸ் கையில் பாதி நேரம் இருப்பது எலெக்ட்ரிக் கிட்டார்! சந்தேகப்பிராணிக்கு மேலும் ஒரு சாட்சி தருகிறேன், காபி வாங்கிக் கொடுக்கவும்.

ஆல்ட்டோ

சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து வருஷம். பாடுகிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு பக்திப்பாட்டு ஆல்பத்துக்குப் பாடப் போனேன். ஸ்டுடியோ பெயர் வேண்டாம். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எட்டு தடவை பாடவைத்தார்கள். மூச்சு எடுக்கும் இடங்களை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். கொஞ்சம் கீழே நின்ற ஸ்வரங்களை மென்பொருளில் தூக்கி நிறுத்தினார்கள். முடிந்த பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு, யார் பாடினது?" என்றார். நான்தான்மா.

அந்தப் பாட்டில் நான் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை. யோசித்துப் பாருங்கள், நாலரை நிமிஷம் மூச்சே விடாத ஒருத்தி.

ஏழாம்ஃப்ரெட் அண்ணா அந்த ஒரு மூச்சைப் பற்றி எழுதியதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நாம் பாட்டு கேட்கும்போது நம்மை அறியாமல் பாடுகிறவரோடு சேர்ந்து மூச்சு இழுக்கிறோம். குழுவில் பாடுகிறவர்களுக்கு இது தெரியும். பக்கத்தில் நிற்பவர் எப்போது மூச்சு எடுக்கிறார் என்பதை வைத்துத்தான் நாங்கள் சேர்ந்து தொடங்குவோம், கையசைப்பைப் பார்த்து இல்லை. மூச்சை வெட்டிவிட்டால் பாட்டுக்குள் நுழையும் வாசலை அடைத்த மாதிரி.

நிரூபிக்கிற ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அமெரிக்கப் பாடகி மரியா கேரி 1990, 91இல் இரண்டு ஆல்பம் வெளியிட்டிருந்தார், ஆனால் ஊர் ஊராகக் கச்சேரி செய்யவில்லை. இது ஸ்டுடியோவில் செய்த குரல் என்று பேசினார்கள். 1992 மார்ச்சில் அன்பிளக்ட் மேடையில் ஏறிப் பாடினார், பேச்சு அடங்கியது. அங்கே பாடிய பழைய ஜாக்சன் ஃபைவ் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனது. ராப் பாடகர் டி-பெயின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆட்டோட்யூன், அதாவது சுருதியைத் திருத்துகிற மென்பொருள் என்றாலே அவர்தான். 2014இல் 'டைனி டெஸ்க்' என்ற இணைய நிகழ்ச்சியில் ஒரு கீபோர்டு மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டோட்யூன் இல்லாமல் பாடினார். இந்த ஆளுக்கு இவ்வளவு நல்ல குரலா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குரல் இல்லாததால் அவர் அந்தக் கருவியைப் பிடித்துக்கொள்ளவில்லை, அந்தச் சத்தம் பிடித்துத்தான் வைத்திருந்தார்.

தேம்ஸ்கரை

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டனில். ஆல்ட்டோ அக்கா டைனி டெஸ்க் பற்றிச் சொன்னதால் அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன், நல்ல கதை.

2008இல் அமெரிக்க வானொலி என்பிஆரைச் சேர்ந்த பாப் பொய்லனும் ஸ்டீஃபன் தாம்சனும் ஆஸ்டின் நகரில் லாரா கிப்சன் என்ற பாடகியைக் கேட்கப் போனார்கள். மதுக்கடை, சனம் கதைத்த கதையில் பாட்டு ஒன்றுமே கேட்கவில்லை. பேசாமல் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசையடியில் பாடுங்கோ என்று தாம்சன் பகிடியாகச் சொன்னார். அவர் உண்மையிலேயே வாஷிங்டனுக்கு வந்து பொய்லனின் மேசையடியில் பாடினார். அப்படித்தான் தொடக்கம்.

மைக்செட்காரன் அண்ணைக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பாடுகிறவருடைய குரலுக்கு அறையில் ஸ்பீக்கர் கிடையாது. பதிவுக்கு மட்டும் மைக். நிற்கிற அலுவலக ஆட்களுக்குச் சும்மா வாயிலிருந்து வருவதுதான். ஆகவே குரல் கேட்கும் அளவுக்குப் பின்னால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் அடங்க வேண்டும். பித்தளை வாத்தியக்காரர், டிரம்மர் எல்லாரும் குரலுக்குக் கீழே. அந்த அடக்கம்தான் எனக்கு அதில் வடிவு. புத்தக அலுமாரியும் பொம்மைகளும் இல்லை.

இங்கிலாந்து ராக் குழு ஒயேசிஸின் 1996 ஓகஸ்ட் அன்பிளக்ட் நிகழ்ச்சியையும் சொல்லாமல் விட முடியாது. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹோல். தொண்டை நோ என்று பாடகர் லியாம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். அண்ணன் நோயல் முழுப் பாட்டையும் தனியே பாடினார். தம்பியார் என்ன செய்தார்? மேல் மாடத்தில் பியரோடும் சிகரெட்டோடும் இருந்து கீழே பாடுகிற அண்ணனை நக்கல் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல தொண்டை நோ!

பழையகேசட்

அண்ணன் தம்பி சண்டைக்கு பிளக் தேவையில்லை.

சந்தேகப்பிராணி

ஆல்ட்டோ சொன்ன மூச்சு விஷயம் எனக்குத் தைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இப்போது அதுவும் விற்பனைச் சரக்காகிவிட்டது. மூச்சு ஒலியைக் கூட்டி வைக்கிறார்கள். கம்பி மேல் விரல் சறுக்கும் 'கீச்'சை வேண்டுமென்றே விடுகிறார்கள். தப்பு செய்தாலும் அழகு, சிரித்தாலும் அழகு. தப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

தேம்ஸ்கரை

அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பீட்டில்ஸில் இருந்த போல் மக்கார்ட்னியின் அன்பிளக்ட், 1991 ஜனவரி. அவர் பிளக் இல்லை என்றால் இல்லைதான் என்று பிடிவாதமாக நின்றவர். பிக்அப்பே வேண்டாம், எல்லாவற்றுக்கும் முன்னால் மைக் மட்டும். ஒரு பீட்டில்ஸ் பாட்டைத் தொடங்கி வார்த்தையில் தடுமாறி, சிரித்து, திரும்பத் தொடங்குவார். அது ஆல்பத்திலும் அப்படியே இருக்கு. தேர்ந்தெடுத்து வைத்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடுமாறினது தேர்ந்தெடுத்தது இல்லையே.

சந்தேகப்பிராணி

சரி, அது நியாயம்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வகையில் நிஜமாகவே பிடித்தது அமெரிக்கப் பாடகி லாரின் ஹில்லின் அன்பிளக்ட். ஆச்சரியப்படாதீர்கள். 2001இல் பதிவு, 2002இல் வெளிவந்தது. முந்தைய ஆல்பம் கிராமி விருதுகளை வாரிக் குவித்திருந்தது. இவர் என்ன செய்தார்? அந்த ஹிட் எதையும் பாடவில்லை. பெரும்பாலும் புதுப் பாட்டு, ஒற்றை கிட்டார், அதையும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிற கை. குரல் கட்டியிருக்கிறது. நடுநடுவே நீளமாகப் பேசுகிறார், ஒரு இடத்தில் அழுகிறார். நிறையப் பேர் திட்டினார்கள். நான் முதல் தடவை பாதியில் எழுந்து போய்விட்டேன்.

இரண்டாம் தடவை முழுசாகக் கேட்டேன். அதில் மெழுகுவர்த்தி இல்லை, நம்மைச் சொக்கவைக்கிற முயற்சியே இல்லை. கேட்க வசதியாக இல்லாததால் நம்பினேன். உங்கள் அழகான அன்பிளக்ட் எதன் மேலும் எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

ஏழாம்ஃப்ரெட்

சந்தேகப்பிராணி இப்படி எழுதுவார் என்று எதிர்பார்க்கவில்லை. லாரின் ஹில்லை இன்று ராத்திரி கேட்கிறேன்.

பொய்ப் பெட்டி விஷயம் எனக்குத் தெரியும், தெரிந்தும் முதல் பதிவில் எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் அலங்காரமா நிஜமா என்று பிரித்துப் பார்ப்பதைவிட, பாட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் தெளிவாக இருக்கும் என்று தோன்றுகிறது. இங்கிலாந்து கிட்டார்காரர் எரிக் கிளாப்டனின் 'லைலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் அது கிட்டார்கள் அலறிக்கொண்டு ஓடுகிற பாட்டு. நண்பனின் மனைவி மேல் காதல் கொண்டு தவிக்கிறவனின் அலறல். 1992 ஜனவரியில், இங்கிலாந்தில் பிரே ஸ்டுடியோவில், அன்பிளக்டுக்காக அதே ஆள் அதை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒருவித ஆட்டம் சேர்த்துப் பாடினார். இது எந்தப் பாட்டு என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுத் தொடங்குவார். கூட்டத்துக்குச் சில நொடி பிடிபடாது, பிறகு ஒரு சலசலப்பு. வார்த்தை மாறவில்லை. ஆனால் கெஞ்சல் போய், கெஞ்சிய காலத்தை நினைத்துப் பார்க்கிற குரல் வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதுக் குரல். மின்சாரத்தை எடுத்ததால் இது நடந்ததா, வேகத்தைக் குறைத்ததாலா, வயதாலா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதே நிகழ்ச்சியில்தான், பத்து மாதம் முன்பு இறந்துபோன தன் நாலு வயது மகனுக்கான பாட்டையும் பாடினார். அங்கே குரலை ஏற்றவே இல்லை. அந்தப் பாட்டை யாராவது எட்டுக்கட்டையில் பாடினால் எழுந்து போய்விடுவேன்.

அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி அளவுக்கு விற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சந்தேகப்பிராணி சொல்லுவார்.

நடத்துநர்

பதிவிறக்க இணைப்பு கேட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தயவுசெய்து கேட்காதீர்கள்.

மைக்செட்காரன்

எனக்கு நடந்த நிஜ அன்பிளக்ட் ஒன்று சொல்கிறேன். 2012, கரண்ட் கட் தலைவிரித்து ஆடிய வருஷம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் கொடை. ராத்திரி பதினொரு மணி. ஆர்கெஸ்ட்ரா நல்ல சூட்டில் இருக்கிறது. ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. திடீரென்று எல்லாம் செத்தது. ஜெனரேட்டர் பையன் டீசல் பார்க்காமல் புரோட்டா சாப்பிடப் போய்விட்டான்.

கீபோர்டு இல்லை, பேட் இல்லை, பேஸ் இல்லை, லைட் இல்லை. பாடிக்கொண்டிருந்த அக்கா நடு சரணத்தில் இருந்தார். நிறுத்தவில்லை. தபேலாக்காரர் ஒரு நொடி தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார். புல்லாங்குழல்காரர் பின்னாலேயே வந்தார். மூன்று சத்தம்தான். யாரோ அம்மன் சன்னதியிலிருந்து ஒரு தீப்பந்தத்தை மேடைக்கு அருகில் கொண்டுவந்தார்கள். சுசீலாம்மாவின் பழைய பாட்டு ஒன்று, பிறகு இன்னொன்று.

நான் மிக்சருக்குப் பக்கத்தில் வேலையில்லாமல் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் எந்த பட்டனும் இல்லாமல் ஒரு பாட்டைக் கேட்டேன். பின்னால் நின்ற ஜனம் பாய், துண்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தது, கேட்கவில்லை என்பதால். அழுத பிள்ளைக்கு "ஷ்" சொன்னார்கள். கொடை வீட்டில் நான் "ஷ்" கேட்டதே இல்லை. அந்த அக்கா அன்றைக்கு அடித்தொண்டையிலிருந்து, பழையகேசட் ஐயா சொன்ன மாதிரி, கொட்டகைக் குரலில்தான் பாடினார். மென்மையாக ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு தீப்பந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

இருபது நிமிஷம் கழித்து ஜெனரேட்டர் வந்தது. 'டும்' என்று பேஸ் விழுந்ததும் கூட்டம் போட்ட விசிலும் கைதட்டலும் இருக்கிறதே, அந்த இருபது நிமிஷத்துக்குக் கிடைத்ததைப் போல நாலு மடங்கு. இளவட்டம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பழையபடி பின்னால் போய்விட்டார்கள்.

சந்தேகப்பிராணி

அண்ணாச்சி, கடைசிப் பத்தியை மறைக்காமல் எழுதினதுக்கு நன்றி.

ஆல்ட்டோ

பிள்ளைக்கு "ஷ்" சொன்ன இடத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த அக்கா இன்னும் பாடுகிறாரா?

மைக்செட்காரன்

பாடுகிறார். இப்போது முன்னாலேயே பதிவு பண்ணின இசை டிராக் போட்டுத்தான். ஆள் கூலி கட்டுபடியாகவில்லை.

மழைக்கோட்டு

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று நானே ஒன்று பதிவு பண்ண உட்கார்ந்தேன். தம்பியின் கிட்டார், ஒரு யுஎஸ்பி மைக். சீரியல் பல்பு போடவில்லை என்பதைச் சந்தேகப்பிராணியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

போட்டுக் கேட்டால் பாட்டை விட அடுத்த வீட்டு குக்கர் விசில்தான் நல்ல சுருதியில் இருக்கிறது. அதோடு முழுக்க ஒரு 'ம்ம்ம்ம்' என்ற ரீங்காரம். கிட்டார் பானைக்குள் வாசித்த மாதிரிக் கேட்கிறது. அண்ணே, என்ன தப்பு?

மைக்செட்காரன்

கிட்டாரின் ஓட்டைக்கு நேராக மைக் வைத்திருப்பாய். அங்கேதான் 'பொம்'மென்று காற்று வரும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடம், பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் பார்க்க வை. ஒரு அடி தள்ளி. அறையில் துணி தொங்கும் பீரோவைத் திறந்து விடு, எதிரொலி குறையும்.

ரீங்காரம் ஃபிரிட்ஜ். பதிவு பண்ணும்போது அணைத்துவிடு. அணைத்ததும் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வை. இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்துவிடுவாய். சினிமா சவுண்ட்காரர்கள் செய்கிற வேலை இது.

குக்கருக்கு என்னிடம் மருந்து இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பாடு.

மழைக்கோட்டு

ஆறு டேக். இரண்டாவதுதான் வைத்துக்கொண்டேன். அதில் பல்லவி முடிந்து மூச்சு எடுக்கிற இடத்தில் தெருவில் ஒரு நாய் குரைக்கிறது. வெட்டவில்லை.

ஸ்கூட்டி சாவி ஃபிரிட்ஜில் இருந்ததால் காலையில் அப்பா இருபது நிமிஷம் தேடினார். வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கிடைத்தது.